தோட்டத்துப் பாட்டும் கணினித் தடமும்

இசை ஆர்வமுள்ள இளையோர் கூடும் கருத்தரங்குகளில் தவறாமல் எழும் கேள்வி ஒன்று உண்டு. "ஒரு பாட்டைப் பதிவு செய்ய என்ன வேண்டும்?" என்பதே அது. இந்தக் கேள்விக்கு ஒவ்வொரு காலமும் ஒவ்வொரு விடையைத் தந்திருக்கிறது. நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன்பு, கடல் கடந்து வரும் வெள்ளைக்காரப் பொறியாளரின் தயவு வேண்டும் என்பது விடை. அறுபது ஆண்டுகளுக்கு முன்பு, வானொலி நிலையத்தின் வாசல் திறக்க வேண்டும். இல்லையேல் சென்னைக்குக் கப்பலேற வேண்டும். முப்பது ஆண்டுகளுக்கு முன்பு, ஒலிப்பதிவுக் கூடத்தை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுக்கும் வசதி வேண்டும். இன்றோ, ஒரு கைத்தொலைபேசியும் இலவச மென்பொருளும் போதும்.

இது மிகைப்பட்ட பேச்சன்று. 1967-இல் உலகையே வியக்க வைத்த பீட்டில்ஸ் குழுவினரின் 'சார்ஜன்ட் பெப்பர்' இசைத்தொகுப்பு நான்கு தட இயந்திரங்களைக் கொண்டே பதிவு செய்யப்பட்டது. தடம் என்பது வேறொன்றுமில்லை. குரலுக்கு ஒன்று, மேளத்துக்கு ஒன்று, குழலுக்கு ஒன்று என ஒலிகளைத் தனித்தனியே தாங்கும் பாதை. ஈப்போ புந்தோங்கில் ஐந்தாம் படிவம் பயிலும் மாணவனின் மேசையில் இருக்கும் சாதாரண மடிக்கணினி இன்று அதைவிடப் பல மடங்கு தடங்களைத் தாங்கும்.

கருவி கைக்கு வந்துவிட்டது. ஆனால் அந்தக் கருவியை மாணவனுக்கு எப்படிக் கற்றுக் கொடுப்பது, அதில் முதலில் எதைப் பதிவு செய்யச் சொல்வது என்பதில்தான் நம் சமுதாயம் இன்னும் தெளிவு பெறவில்லை. இதற்கு விடை காண, பேராக்கின் தோட்டப்புற வரலாற்றையும் ஒலிப்பதிவின் வரலாற்றையும் அருகருகே வைத்துப் பார்ப்பது நல்லது.

பால்மரக் காட்டின் ஓசைகள்

பேராக்கின் ரப்பர் கதை கோலகங்சாரில் தொடங்குகிறது. 1876-இல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து கொண்டு சென்ற விதைகள் லண்டன் கியூ தாவரத் தோட்டத்தில் முளைவிட்டன. அடுத்த ஆண்டு அங்கிருந்து சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்த கன்றுகளில் சில, பேராக் ரெசிடெண்டாக இருந்த ஹியூ லோவின் முயற்சியால் கோலகங்சாரில் நடப்பட்டன. இருபதாம் நூற்றாண்டு பிறந்ததும் ரப்பரின் விலை ஏறியது, காடுகள் தோட்டங்களாயின. சுங்கை சிப்புட், தாப்பா, பீடோர், தெலுக் இந்தான், சித்தியவான், பாகான் செராய் எனப் பல வட்டாரங்களில் தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து கங்காணிகள் அழைத்து வந்த மக்கள் லயங்களில் குடியேறினர்.

அவர்கள் பெட்டியில் கொண்டு வந்தது கொஞ்சம். நெஞ்சில் கொண்டு வந்தது அதிகம். ஆயாக் கொட்டகையில் தாலாட்டு, வேலைக்காட்டில் தெம்மாங்கு, திருவிழாவில் கும்மி, சாவு வீட்டில் ஒப்பாரி, மாரியம்மன் கோயில் வாசலில் உறுமியும் தப்பும், காமன் பண்டிகைக்கு விடிய விடியக் கூத்து, சனிக்கிழமை பஜனை என ஆண்டு முழுவதும் தோட்டம் பாடிக்கொண்டே இருந்தது. ஊர்ப் பாட்டில் பால்மரமும் பெரட்டும் கிராணியாரும் புதிதாக வந்து சேர்ந்தார்கள். மண்ணுக்கு ஏற்பப் பாட்டும் மாறியது.

இந்தப் பாட்டுகளில் மிகப் பெரும் பகுதி எந்த வட்டிலும் ஏறவில்லை. ஒலிப்பதிவுத் தொழில்நுட்பம் மலாயாப் பக்கமே வரவில்லை என்று சொல்லிவிட முடியாது. கிராமபோன் நிறுவனத்தின் பொறியாளர் பிரெட் கெய்ஸ்பெர்க் 1902-இல் கல்கத்தாவில் கவுஹர் ஜானின் குரலைப் பதிவு செய்தார். 1903-இல் சிங்கப்பூரிலும் பதிவுகள் நடத்தினார். ஆனால் வட்டு என்பது வணிகப் பொருள். வட்டு வாங்கும் வசதி உள்ளவர் கேட்க விரும்பிய மேடைப் பாடகரின் குரலே அதில் ஏறியது. பால் மரம் வெட்டும் பெண்ணுக்கு வட்டு வாங்கும் காசும் இல்லை. அவள் பாட்டை விலைக்குக் கேட்கும் ஆளும் இல்லை.

1946 ஏப்ரல் முதல் நாள் மலாயா வானொலி ஒலிக்கத் தொடங்கியபோது தமிழுக்கும் அதில் இடம் கிடைத்தது. இன்றைய மின்னல் பண்பலை அந்த வழியில் வந்ததே. வானொலி பல உள்ளூர்க் கலைஞர்களை வளர்த்தது என்பதில் ஐயமில்லை. எனினும் ஒலிப்பதிவுக் கூடம் நகரத்தில் இருந்தது; தோட்டம் தொலைவில் இருந்தது. பெரும் பெயர் பெற விரும்பியவர் நாட்டையே விட்டுச் செல்ல வேண்டியிருந்தது. மலேசியாவில் 1944-இல் பிறந்து, இங்கே நாடக மேடைகளில் பயின்று, சென்னைக்குச் சென்று, 1977-இல் வெளிவந்த '16 வயதினிலே' படத்தின் வழி தமிழ்நாடெங்கும் அறியப்பட்ட மலேசியா வாசுதேவனே இதற்குச் சான்று. பெயருக்கு முன்னால் நாட்டைச் சுமந்து சென்றவர் அவர். ஆனால் அந்தக் குரலைப் பதிவு செய்து உலகுக்குக் கொடுத்தது சென்னையின் கூடங்கள்தாம்.

மிசிசிப்பியில் நடந்தது

கூடத்துக்குப் பாடகர் போவதற்குப் பதிலாக, பாடகரைத் தேடிக் கருவி வந்தால் என்ன ஆகும்? உலகின் வேறொரு மூலையில் இதற்கு விடை கிடைத்தது. 1941 ஆகஸ்டில், அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் இருந்த ஸ்டோவால் பருத்தித் தோட்டத்துக்கு ஆலன் லோமாக்ஸ் என்ற ஆய்வாளரும் பிஸ்க் பல்கலைக்கழகத்தின் ஜான் வொர்க்கும் சென்றார்கள். அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்துக்காக வட்டுப்பதிவு இயந்திரம் ஒன்றையும் உடன் கொண்டு சென்றார்கள். அங்கே வேலை செய்துகொண்டிருந்த மெக்கின்லி மோர்கன்பீல்டு என்ற கறுப்பின இளைஞர் கிதார் மீட்டிப் பாடினார். பதிவானதை அவருக்கே போட்டுக் காட்டினார்கள்; பின்னர் வட்டின் பிரதியும் அவருக்கு வந்து சேர்ந்தது. தன் குரல் வட்டில் ஒலிப்பதைக் கேட்ட அந்தத் தோட்டத் தொழிலாளி 1943-இல் சிகாகோவுக்குப் புறப்பட்டார். மடி வாட்டர்ஸ் என்ற பெயரில் அவர் வளர்த்த புளூஸ் இசை, பிறகு வந்த ராக் இசைக்கே அடித்தளமாயிற்று.

தோட்டத்துப் பாட்டு ஒருமுறை பதிவானால் அது எங்கெல்லாம் போகும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. பதிவு பாட்டைக் காப்பாற்றியது. அதைவிட மேலாகப் பாடியவருக்குத் தன்னைப் பற்றிய மதிப்பையும் தந்தது.

தமிழர் வாழ்ந்த தோட்டங்களிலும் பாட்டைத் தேடிச் சென்றவர்கள் இருந்தார்கள். இலங்கை மலையகத்தில் சி.வி. வேலுப்பிள்ளை தேயிலைத் தோட்ட மக்களின் பாடல்களைத் தொகுத்து நூலாக்கினார். மலேசியாவில் முத்தம்மாள் பழனிசாமி 'நாட்டுப்புறப் பாடல்களில் என் பயணம்' என்ற நூலைத் தந்தார். இவை போற்ற வேண்டிய பணிகள். ஆனால் அச்சு, சொல்லைக் காக்கும், மெட்டைக் காக்காது. தாலாட்டில் "ஆராரோ" என்ற சொல்லை எழுதிவிடலாம். அந்த 'ரோ'வை எவ்வளவு இழுத்தார்கள், எங்கே குரலை வளைத்தார்கள், எந்த இடத்தில் மூச்சு வாங்கினார்கள் என்பதை எழுத முடியுமா? அதற்கு ஒலிப்பதிவு ஒன்றே வழி.

கணினிக்குள் இசை புகுந்தது எப்படி?

பழைய ஒலிப்பதிவுக் கூடத்தில் பாடகரும் வாத்தியக்காரர் அனைவரும் ஒரே நேரத்தில் வாசிக்க வேண்டும். ஒருவர் தவறினாலும் எல்லாரும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். நாடாவில் பல தடங்கள் வந்த பிறகு இந்தச் சிரமம் குறைந்தது. 1963-இல் பிலிப்ஸ் நிறுவனம் அறிமுகப்படுத்திய கேசட் ஒலிப்பதிவை வீட்டுக்குக் கொண்டு வந்தது. 1979-இல் வந்த டாஸ்காம் 'போர்ட்டாஸ்டூடியோ' அதே கேசட்டில் நான்கு தடங்களைப் பதிவு செய்ய வழி காட்டியது.

அடுத்த பாய்ச்சல் 1983-இல் நிகழ்ந்தது. வெவ்வேறு நிறுவனங்களின் மின்னணு இசைக்கருவிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள 'மிடி' என்ற பொது மொழி உருவாக்கப்பட்டது. அமெரிக்காவின் டேவ் ஸ்மித்தும் ஜப்பானின் இக்குத்தாரோ ககேஹாஷியும் இதன் முன்னோடிகள். மிடி என்பது ஒலியன்று, கட்டளை. எந்தக் கட்டையை எப்போது அழுத்த வேண்டும், எவ்வளவு வேகத்தில் அழுத்த வேண்டும், எப்போது விட வேண்டும் என்பதை மட்டும் அது சொல்லும். சமையல் குறிப்புக்கும் சமைத்த சோற்றுக்கும் உள்ள வேறுபாடுதான் மிடிக்கும் ஒலிப்பதிவுக்கும் உள்ள வேறுபாடு.

குறிப்பு முதலில் வந்து சோறு பிறகு வந்ததற்குக் காரணம் உண்டு. குறுவட்டுத் தரத்தில் ஒலியைப் பதிவு செய்ய, நொடிக்கு 44,100 முறை ஒலியை அளந்து எழுத வேண்டும். இடம், வலம் என இரு பக்கத்துக்கும் சேர்த்து ஒரு நிமிடத்துக்குச் சுமார் 10 மெகாபைட் இடம் பிடிக்கும். 1980-களின் இறுதியில் வீட்டுக் கணினியின் வன்தட்டு 20 அல்லது 40 மெகாபைட் இருந்தாலே பெரிது. ஒரு முழுப் பாட்டைக்கூட அதில் அடக்குவது கடினம். மிடிக் கட்டளைகளோ ஒரு சிறிய நெகிழ்வட்டில் பல பாட்டுகளுக்கு அடங்கிவிடும். 1985-இல் வந்த அட்டாரி எஸ்டி கணினி மிடி இணைப்புகளை உடலிலேயே கொண்டு பிறந்தது. 1989-இல் ஜெர்மனியின் ஸ்டைன்பெர்க் நிறுவனம் அதற்காகக் 'கியூபேஸ்' மென்பொருளை வெளியிட்டது.

தமிழ்த் திரையிசை இந்த மாற்றத்துக்குப் பின்தங்கவில்லை. 1986-இல் வந்த 'புன்னகை மன்னன்' படத்தில் இளையராஜா கணினி வழி இசையைக் கையாண்டார். திலீப் என்ற பெயரில் அவர் குழுவில் கீபோர்டு வாசித்த இளைஞர், கோடம்பாக்கத்தில் தன் வீட்டை ஒட்டிச் சொந்தமாக ஓர் ஒலிப்பதிவுக் கூடம் அமைத்துக்கொண்டார். 1992 ஆகஸ்டில் 'ரோஜா' வெளிவந்தபோது ஏ.ஆர். ரஹ்மான் என்ற அவர் பெயரை இந்தியாவே உச்சரித்தது. இசையமைப்பாளர் கூடத்தைத் தேடிப் போன காலம் போய், கூடம் இசையமைப்பாளரின் வீட்டுக்கே வந்துவிட்டதை அந்தப் படம் உணர்த்தியது.

பிறகு எல்லாம் விரைவாக நடந்தன. 1991-இல் 'புரோ டூல்ஸ்' கணினியில் நான்கு தடங்களைப் பதிவு செய்தது. அதன் விலை சாதாரணக் குடும்பங்களுக்கு எட்டாதது. 1996-இல் கியூபேஸின் புதிய பதிப்பு, எதிரொலி போன்ற ஒலி நுட்பங்களைக் கணினிக்குள்ளேயே செய்து காட்டியது. 1990-களின் இறுதியில் பெல்ஜியத்திலிருந்து 'புரூட்டிலூப்ஸ்' வந்தது. இன்று அதன் பெயர் எஃப்எல் ஸ்டூடியோ. 2000-இல் இலவச மென்பொருளான 'ஒடாசிட்டி', 2004-இல் ஆப்பிள் கணினியோடு 'கராஜ்பேண்ட்' எனக் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. இன்று சிங்கப்பூரைத் தளமாகக் கொண்ட 'பேண்ட்லேப்' கைத்தொலைபேசியிலேயே இலவசமாக இயங்குகிறது.

கற்றவர்கள் எப்படிக் கற்றார்கள்?

கருவி மாறிய வேகத்தில் கல்வி மாறவில்லை. ஒலிப்பதிவுக் கலை நெடுங்காலம் குருகுலமாகவே இருந்தது. கூடத்தில் கம்பி சுற்றும் பையன், உதவியாளராகி, பல ஆண்டுகள் கழித்தே கட்டுப்பாட்டு மேசையைத் தொடுவான். இசையமைப்பும் அப்படித்தான். இளையராஜாவும் ரஹ்மானும் வெவ்வேறு காலத்தில் தன்ராஜ் மாஸ்டர் என்ற ஒரே ஆசிரியரிடம் பயின்றவர்கள் என்பது குறிப்பிடத்தக்கது. இருவர் கையிலும் பிறகு வந்த கருவிகள் வேறு. காதுக்குக் கிடைத்த அடிப்படைப் பயிற்சி ஒன்று. 2008-இல் ரஹ்மான் சென்னையில் கே.எம். இசைக் கல்லூரியைத் தொடங்கியபோது, கணினி இசையோடு கருநாடக, இந்துஸ்தானி, மேற்கத்திய இசைப் பயிற்சிகளுக்கும் இடம் தந்தார். மென்பொருள் தெரிந்தால் மட்டும் இசை வந்துவிடாது என்பதை நன்கு அறிந்தவரின் ஏற்பாடு அது.

மலேசியாவில் 1983-இல் நடப்புக்கு வந்த புதிய தொடக்கப்பள்ளிக் கலைத்திட்டம் இசையைத் தனிப் பாடமாக்கியது. 2007-இல் ஜொகூர் பாருவிலும் கூச்சிங்கிலும் அரசாங்கக் கலைப்பள்ளிகள் தொடங்கப்பட்டன. பேராக்கைப் பொறுத்தவரை தஞ்சோங் மாலிமில் உள்ள சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகம் முக்கியமானது. 1922-இல் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியாகப் பிறந்து, 1997-இல் பல்கலைக்கழகமாக உயர்ந்த அந்நிறுவனத்தில் இசையாசிரியர்களும் பயில்கிறார்கள், தமிழாசிரியர்களும் பயில்கிறார்கள்.

ஆனால் மலேசியத் தமிழ் இளைஞர்களில் பலர் மென்பொருளைக் கற்றது வகுப்பறையில் அன்று. நண்பன் வீட்டு அறையில். 1998-இல் 'போயட்டிக் அம்மோ' குழு வெளியிட்ட முதல் இசைத்தொகுப்பில் ஆங்கிலம், மலாய், கந்தோனீஸ் மொழிகளோடு தமிழ் ராப்பும் இடம்பெற்றது. அக்குழுவின் யோகி பி, டாக்டர் பர்ன், எம்சி ஜெஸ் ஆகியோரைக் கொண்ட நட்சத்திராவுடன் இணைந்து 2006-இல் 'வல்லவன்' தொகுப்பைத் தந்தார். அடுத்த ஆண்டே 'பொல்லாதவன்' படத்துக்காகச் சென்னை அவர் குரலை அழைத்தது. மலேசியா வாசுதேவன் சென்னைக்குச் சென்று பெயர் பெற்றார்; யோகி பி இங்கே பெயர் பெற்றுச் சென்னைக்குச் சென்றார். இந்த இரண்டுக்கும் இடையே உள்ள தூரம்தான் ஒலிப்பதிவுக் கருவி கடந்து வந்த தூரம். அதன் பிறகு ஈப்போவிலும் தோட்டங்களை விட்டு வந்தோரின் குடியிருப்புகளிலும் தாமே பாட்டெழுதி, தாமே பதிவு செய்து வெளியிடும் இளைஞர்கள் பெருகினர்.

பெட்டிக்குள் இல்லாத ஒலி

இங்கேதான் ஒரு சிக்கல் எழுகிறது. 1991-இல் 'ஜெனரல் மிடி' என்ற பொதுத்தரம் வகுக்கப்பட்டது. எல்லாக் கருவிகளிலும் ஒரே வரிசையில் இருக்க வேண்டிய 128 ஒலிகளை அது பட்டியலிட்டது. அதில் 105-ஆவது சித்தார், 112-ஆவது ஷெனாய். ஜப்பானின் கோட்டோ உண்டு. ஸ்காட்லாந்தின் பேக்பைப் உண்டு. துப்பாக்கிச் சத்தத்துக்கும் ஹெலிகாப்டர் ஓசைக்கும்கூட எண்கள் உண்டு. நாதஸ்வரம் இல்லை, வீணை இல்லை. தாளக் கருவிகளின் தனிப்பட்டியலில் போங்கோவும் கோங்காவும் உண்டு. மிருதங்கமும் தவிலும் உறுமியும் தப்பும் இல்லை.

இதைச் சதி என்று சொல்ல வேண்டியதில்லை. பட்டியல் போட்டவர்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். பிற்காலத்தில் தனியார் தயாரித்த இந்திய ஒலித்தொகுப்புகள் பல வந்திருக்கின்றன. ஆயினும் பழக்கம் மாறவில்லை. இன்று மென்பொருளைத் திறக்கும் மாணவன் முதலில் காண்பது, யாரோ எங்கோ வாசித்து வைத்த 'லூப்' எனப்படும் ஆயத்த ஒலித்துண்டுகளைத்தான். நான்கை இழுத்து அடுக்கினால் ஐந்து நிமிடத்தில் 'பாட்டு' தயார். அது ஈப்போவில் செய்ததா, ஓஸ்லோவில் செய்ததா என்று யாராலும் சொல்ல முடியாது. ஒலிப்பதிவு மென்பொருள் என்ற பெயரில் பதிவு என்ற செயலே நடக்காமல் போவதுதான் இதிலுள்ள வேதனை.

கணினியின் கட்டங்களும் இன்னொரு சோதனை. மென்பொருள் காலத்தைச் சம அளவுக் கட்டங்களாகப் பிரிக்கிறது. ஒப்பாரி வைக்கும் பாட்டியின் மூச்சு அந்தக் கட்டத்துக்குள் நிற்காது. 1997-இல் ஆண்டி ஹில்டபிராண்ட் உருவாக்கிய 'ஆட்டோ டியூன்' பிசகிய சுரத்தைச் சரிசெய்யும் நுட்பம். அதைக் கவனமின்றித் தெம்மாங்கின் மேல் போட்டால், பாடியவர் வேண்டுமென்றே வளைத்த வளைவையும் தவறென்று எண்ணி நிமிர்த்திவிடும்.

வகுப்பு எங்கே தொடங்க வேண்டும்?

எனவே மாணவருக்கான ஒலிப்பதிவு வகுப்பு, லூப்பில் தொடங்காமல் மைக்கில் தொடங்க வேண்டும். முதல் பாடம் காது கொடுத்துக் கேட்பது. அறையில் மின்விசிறி சுற்றுகிறதா, தகரக் கூரையில் மழை விழுகிறதா, வெளியே மோட்டார் சைக்கிள் போகிறதா என்று கண்ணை மூடிக் கேட்கப் பழகிய மாணவனே நல்ல பதிவாளன் ஆவான். மெத்தையும் திரைச்சீலையும் உள்ள படுக்கையறை, எதிரொலிக்கும் பள்ளி மண்டபத்தைவிட நல்ல ஒலிப்பதிவுக் கூடம் என்பதை அவன் அங்கேயே கண்டுகொள்வான்.

இரண்டாம் பாடம் மைக்கை வைக்கும் இடம். பாடுபவரின் வாய்க்கு நேராக ஒட்டி வைத்தால் காற்று அடிக்கும். ஒரு சாண் தள்ளிச் சற்றே பக்கவாட்டில் வைத்தால் குரல் தெளியும். உறுமிக்கு இரண்டு முகம். ஒன்றில் குச்சியால் தேய்க்க அது உறுமும்; மற்றதில் அடி விழும். ஒரே மைக்கை நடுவில் வைத்தால் அடி மட்டும் கேட்கும், உறுமல் அமுங்கும். தப்பைத் தீயில் காய்ச்சி வாசிப்பார்கள். தோல் ஆறினால் ஒலி இறங்கிவிடும். ஆகவே எப்போது பதிவைத் தொடங்குவது என்பதை மென்பொருள் சொல்லாது. தப்படிக்கும் பெரியவர்தான் சொல்ல வேண்டும். இப்படி ஒவ்வொரு கருவிக்கும் ஓர் ஆசிரியர் தோட்டத்திலேயே இருந்திருக்கிறார்.

மூன்றாம் பாடம் பதிவு. ஒலியளவுக் காட்டி சிவப்பைத் தொடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். தொட்டால் ஒலி உடையும், உடைந்ததை ஒட்டவைப்பது கடினம். சுருக்கப்படாத கோப்பாகச் சேமிக்க வேண்டும். முதற்பதிவில் கைவைக்கக் கூடாது. வெட்டுவதும் ஒட்டுவதும் நகலில்தான். பாடியவர் பெயர், தோட்டத்தின் பெயர், நாள், யாரிடம் கற்ற பாட்டு ஆகியவற்றைக் கோப்போடு எழுதி வைக்க வேண்டும். பாடியவரின் ஒப்புதலைப் பெறுவதும், பாட்டு வெளியாகும்போது அவர் பெயரைப் போடுவதும் மரியாதை மட்டுமல்ல. அடுத்தவர் உழைப்பை மதிக்கும் முதற்பாடம்.

இவற்றுக்குப் பிறகே இசைக்கோப்பு. தாலாட்டு ஒன்றை எடுத்துக்கொள்வோம். தாள முள்ளைத் தட்டவிட்டு, "இதற்கேற்பப் பாடுங்கள் பாட்டி" என்றால் பாட்டு செத்துவிடும். பாட்டி தன் போக்கில் பாடட்டும். அவர் எந்தச் சுருதியில் நிற்கிறார் என்று மாணவன் தேடிக் கண்டுபிடிக்கட்டும். அவர் எங்கே அழுத்துகிறார் என்று கேட்டு, அந்த இடங்களில் குறியிட்டு, கணினியின் கட்டத்தை அவர் மூச்சுக்கு ஏற்ப நகர்த்தட்டும். எல்லா முன்னணி மென்பொருள்களிலும் அதற்கு வசதி உண்டு. பிறகு மெல்லிய ஆதார சுருதி ஒன்று, தேவையானால் தொலைவில் ஒரு குழல். எதைச் சேர்ப்பது என்பதைவிட எதைச் சேர்க்காமல் விடுவது என்பதே அவன் கற்கும் பெரிய பாடமாக இருக்கும். இதைக் கற்றவன் நாளை ராப் பாடட்டும், திரைப்படத்துக்கு இசையமைக்கட்டும், கணினி விளையாட்டுக்கு ஒலி சேர்க்கட்டும். அவன் கை தனித்துத் தெரியும்.

"இளைஞனுக்குப் பிழைப்பைக் கற்றுக் கொடுக்காமல் பழம்பாட்டைத் தேடச் சொல்வதா?" என்று சிலர் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. ஆனால் உலகெங்கும் ஒரே லூப்பை ஆயிரக்கணக்கானோர் பயன்படுத்தும்போது, வேறெவரிடமும் இல்லாத உறுமி ஒலியைத் தானே பதிவு செய்து வைத்திருப்பவனுக்குத்தான் சந்தையிலும் மதிப்பு. பண்பாடும் பிழைப்பும் இங்கே ஒரே பாதையில் நடக்கின்றன.

காலம் காத்திருக்காது

1950-களிலும் 60-களிலும் தோட்டத் துண்டாடல் நம் மக்களை அலைக்கழித்தது. சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தது அந்தக் கொந்தளிப்பின் நடுவில்தான். பிறகு பால்மரம் செம்பனைக்கும், செம்பனை வீடமைப்புக்கும் வழிவிட்டது. 1957-இல் நாட்டில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று ஐந்நூற்றுச் சொச்சமே. பேராக்கில் மட்டும் 134 பள்ளிகள் உள்ளன. அவற்றில் பல தோட்டத்தின் பெயரைத் தாங்கி நிற்கின்றன, தோட்டத்தைக் காணோம்.

ஆனால் லயத்தில் பிறந்து, ஆயாக் கொட்டகையில் தாலாட்டுக் கேட்டு வளர்ந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். எழுபதையும் எண்பதையும் கடந்த அவர்கள் ஈப்போவின் அடுக்குமாடி வீடுகளிலும் புறநகர்த் தாமான்களிலும் பேரப்பிள்ளைகளோடு வாழ்கிறார்கள். பேரனின் கையில் உலகின் சிறந்த ஒலிப்பதிவுக் கருவி இருக்கிறது. பாட்டியின் தொண்டையில் உலகில் வேறெங்கும் இல்லாத பாட்டு இருக்கிறது. இரண்டும் ஒரே கூரையின் கீழ் இருப்பது இந்த ஒரு தலைமுறையில் மட்டும்தான். முந்திய தலைமுறையில் கருவி இல்லை; அடுத்த தலைமுறையில் பாட்டி இருக்கமாட்டார்.

தஞ்சோங் மாலிமில் ஒரே பல்கலைக்கழகத்தில் பயிலும் இசையாசிரியரும் தமிழாசிரியரும் ஒரு பருவத்துக்குக் கைகோத்தாலே போதும். ஒவ்வொரு தமிழ்ப்பள்ளியும் ஆண்டுக்குப் பத்துப் பாட்டைப் பதிவு செய்யும் அளவுக்கு வழிகாட்டி ஒன்று உருவாகிவிடும். பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள் கணினிக்கு நிதி திரட்டும்போது நல்ல மைக் ஒன்றையும் பட்டியலில் சேர்க்கலாம். கோயில் நிர்வாகங்கள் திருவிழா முடிந்த மறுநாள் உறுமிக் குழுவையும் மாணவரையும் ஒரு மணி நேரம் சந்திக்க வைக்கலாம். இவற்றுக்குப் பெருஞ்செலவு எதுவும் இல்லை.

மிசிசிப்பித் தோட்டத்துக்கு யாரோ ஒருவர் வெளியிலிருந்து கருவியைக் கொண்டு வர வேண்டியிருந்தது. பேராக் தோட்டத்து மக்களுக்கு அப்படி யாரும் வரவில்லை. இனி எவரும் வர வேண்டிய தேவையும் இல்லை. பதிவுப் பொத்தான் நம் பிள்ளைகளின் விரலடியில் இருக்கிறது. அதை யாரை நோக்கித் திருப்பி அழுத்துவது என்பதை மட்டும் பெரியவர்கள் இன்றே சொல்லிக் கொடுத்தாக வேண்டும்.